இயந்திரத்துக்கு ஆசிரியராகும் குழந்தை

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்குப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எப்போதும் இரட்டைக் கவலை. புதிதாக வரும் படிப்பில் பின்தங்கிவிடக் கூடாது. தமிழும் கைவிட்டுப் போகக் கூடாது. இப்போது அந்த வரிசையில் வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு. சி.பி.எஸ்.இ. வாரியம் 2019-20 கல்வியாண்டில் இதை ஒன்பதாம் வகுப்பில் விருப்பப் பாடமாகக் கொண்டு வந்தது. 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கப் போவதாக மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. "சார், எட்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா? எந்த கிளாஸ்ல சேர்க்கலாம்?" என்று நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பெற்றோர் என்னைக் கேட்கிறார்கள். நன்றாகவே புரியும். கட்டணம் கட்டி எங்கும் சேர்க்க வேண்டியதில்லை; சமையலறையிலேயே தொடங்கலாம்.

குழந்தை முதலில் அறிய வேண்டியது ஒன்றுதான்: இந்த இயந்திரம் மனிதர்கள் கொடுத்த எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கிறது. பழைய கணினி நிரல் என்பது சமையல் குறிப்பு மாதிரி. எழுதி வைத்ததை வரிக்கு வரி செய்யும். செயற்கை நுண்ணறிவோ, குறிப்பு ஏதும் இல்லாமல் மாமியார் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கைப்பக்குவம் பிடித்த மருமகள் மாதிரி. எதைப் பார்த்ததோ அதுதான் வரும்.

குழந்தையே கணினிக்குக் கற்றுக்கொடுக்கட்டும் என்ற எண்ணம் புதிதல்ல. சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர், வாலி ஃபியூர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து 1967இல் 'லோகோ' என்ற கணினி மொழியைச் சிறுவர்களுக்காக உருவாக்கினார். ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டுக் கோடு வரையச் செய்து, பிள்ளைகள் வடிவியலைக் கற்றார்கள். அதே வழியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் ராண்டி வில்லியம்ஸ் 'பாப்பாட்ஸ்' என்ற சிறு ரோபோவை உருவாக்கினார். பாலர் வகுப்புக் குழந்தைகள் உணவுப் பண்டங்களை வகை பிரிக்க அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

நம் வீட்டில் ரோபோ வேண்டாம், பருப்பு டப்பா போதும். ஒரு தட்டில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் எடுத்துக் கொள்ளுங்கள். "நீதான் டீச்சர், அம்மாதான் மெஷின்" என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்லுங்கள். குழந்தை பத்துப் பத்துப் பருப்பைக் காட்டிப் பெயர் சொல்லட்டும். பிறகு அது எடுத்துக் கொடுக்கும் பருப்புக்கு நீங்கள் பெயர் சொல்ல வேண்டும். நடுவில் இரண்டு பாசிப்பருப்பைக் கலந்து விடுங்கள். மெஷினாகிய நீங்கள் "துவரம்பருப்பு!" என்றே சாதிக்க வேண்டும். "ஐயோ, இல்லம்மா!" என்று குழந்தை சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் முதல் பாடம். இரண்டே பெயர் கற்ற இயந்திரம் மூன்றாவது பொருளைப் பார்த்தால் "தெரியாது" என்று சொல்லாது. கற்றவற்றில் எது நெருக்கமோ அதன் பெயரைச் சொல்லிவிடும்.

ஏழெட்டு வயதானால் கணினிக்கு வரலாம். கூகுள் 2017இல் வெளியிட்ட 'டீச்சபிள் மெஷின்' இலவசமானது. காமிரா முன் படங்களைக் காட்டி வகை பிரிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஏற்கெனவே ஏராளமான படங்களில் பயிற்சி பெற்ற அமைப்பின் மேல் இது இயங்குவதால், சில பத்துப் படங்களே போதும். நாமாகச் சேமித்து அனுப்பாத வரை அந்தப் படங்கள் நம் கணினியிலேயே இருக்கும்.

எங்கள் வகுப்பில் இதற்கு 'ண', 'ன' எழுதிய அட்டைகளை எடுத்துக்கொண்டோம். 'ண' அட்டைகள் எல்லாவற்றையும் மஞ்சள் சட்டைச் சிறுவனும், 'ன' அட்டைகளை நீலச் சட்டைச் சிறுமியும் காட்டும்படி வேண்டுமென்றே ஏற்பாடு செய்தேன். பயிற்சி முடிந்ததும் அட்டைகளை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மஞ்சள் சட்டையைக் கண்டால் 'ண', நீலச் சட்டையைக் கண்டால் 'ன' என்றது இயந்திரம். "சார், அது எழுத்தையே பாக்கல, சட்டையத்தான் பாக்குது!" என்று கண்டுபிடித்தது பிள்ளைகளே. பரிகாரமும் அவர்களே சொன்னார்கள்: பல கைகள், பல கையெழுத்துகள், பல பின்னணிகள்.

இது விளையாட்டு மட்டுமல்ல. ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக அமைப்புகளைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. இத்தகைய அமைப்புகளை மதிப்பிடப் பயன்படும் படத் தொகுப்புகளில் கருநிற முகங்கள் குறைவு என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். சட்டை விளையாட்டு ஆடிய பிள்ளைக்கு இதை ஒரே வாக்கியத்தில் புரிய வைத்துவிடலாம்.

புரிந்த பின் படைப்பு. 'மெஷின் லேர்னிங் ஃபார் கிட்ஸ்' என்ற இலவசத் தளத்தில் தாங்கள் பழக்கிய அறிவை 'ஸ்கிராட்ச்' நிரலில் சேர்க்கலாம். சரியான எழுத்தைக் காட்டினால் கை தட்டும் பூனையைப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் உரையாடல் செயலிகளை மட்டும் சிறுவர்களிடம் தனியாக விட வேண்டாம். அவற்றில் பலவற்றின் விதிகளே 13 வயதுக்குட்பட்டோரை அனுமதிப்பதில்லை. கூட உட்கார்ந்து உங்கள் சொந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். வந்த பதிலைத் தாத்தாவிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நம் இரட்டைக் கவலை ஒன்றாவது இங்கேதான். செய்தி வாசிப்பவரின் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த இயந்திரத்துக்கு நெல்லைப் பாட்டியின் பேச்சும், இந்தி கலந்து பேசும் நம் பேரனின் பேச்சும் எளிதில் பிடிபடாது. மத்திய அரசின் 'பாஷினி' திட்டத்தில், 2022இல் தொடங்கி, 'பாஷா தான்' என்ற பகுதி வழியாகப் பொதுமக்கள் தமிழிலும் வாக்கியங்களைப் படித்துக் குரல்கொடை தரலாம். வீட்டுப் பெரியவர்கள் படிக்கட்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். எடுத்துக்காட்டு கொடுப்பவர்தான் ஆசிரியர் என்பதைப் பருப்புத் தட்டில் கற்ற குழந்தை, தமிழுக்கும் அந்த இடத்தில் ஆள் வேண்டும் என்பதை நாம் சொல்லாமலே புரிந்துகொள்ளும்.