ரயிலில் போகும் காய்ச்சல்

கல்யாண் பெரிய ரயில் சந்திப்பு. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நாசிக் பக்கம் போகிறது. மற்றொன்று புனே பக்கம் போகிறது. ரயிலில் ஆட்கள் போகிறார்கள். மூட்டை முடிச்சுகள் போகின்றன. சில சமயம் காய்ச்சலும் போகிறது. எப்படி?

சிக்குன்குனியா காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். இது வைரஸ் என்ற மிகச் சிறிய கிருமியால் வருகிறது. மூட்டுகள் கடுமையாக வலிக்கும். சிலருக்கு வலி பல மாதம் இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்?

1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் இது பரவியது. 1973இல் சோலாப்பூர் மாவட்டம் பார்சியில் பரவியது. பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகத் தலைகாட்டவில்லை. மக்கள் மறந்துவிட்டார்கள். 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006இல் மட்டும் 13 லட்சம் பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

இதைப் பரப்புவது ஏடிஸ் கொசு. அதன் காலில் வெள்ளை வரிகள் இருக்கும். பகலில் கடிக்கும். டெங்கு, ஜிகா காய்ச்சல்களைப் பரப்புவதும் இதுதான். ஜிகாவை 1947இல் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் கண்டுபிடித்தார்கள். 2021இல் அது புனே மாவட்டம் பெல்சர் கிராமத்திலும் தெரியவந்தது. கர்ப்பிணிக்கு ஜிகா வந்தால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம்.

இந்தக் கொசு வெகுதூரம் பறக்காது. சில நூறு மீட்டர்தான் போகும். ஆனால் காய்ச்சல்காரர் ரயில் ஏறுகிறார். அவர் இரத்தத்தில் கிருமி இருக்கிறது. போன ஊரில் அவரைக் கொசு கடிக்கிறது. சில நாள் கழித்து அதே கொசு மற்றவர்களைக் கடிக்கிறது. நோய் பரவுகிறது. 2007இல் கேரளத்திலிருந்து இத்தாலி போன ஒருவர் மூலம் அங்கே 200 பேருக்கு மேல் சிக்குன்குனியா வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

குழாயில் தண்ணீர் சில மணி நேரமே வருகிறது. டிரம்மில் பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடியுங்கள். ஆனால் இறுக மூடி வையுங்கள். வாரம் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்யுங்கள். உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஏன் தேய்க்க வேண்டும்? கொசு முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை கழுவ வேண்டும்.

பழைய டயர், உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் மழைநீர் தேங்க விடாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கொசு கடிக்காவிட்டால், அவரிடமிருந்து கொசு மூலம் அடுத்த வீட்டுக்கு நோய் போகாது.