'நோ மோர் ஹீரோஸ்' இசைத்தட்டு, இங்கிலாந்து, 1977

அட்டையில் மலர்வளையம் தாங்கிய இவ்விசைத்தட்டு, கில்ட்ஃபர்ட் நகரில் 1974-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ட்ராங்க்ளர்ஸ் என்னும் ராக் இசைக் குழுவினர், பங்க் இசையின் ஆவேசம் இங்கிலாந்தெங்கும் பரவியிருந்த காலத்தில் வெளியிட்டதாகும். இதன் தலைப்புப் பாடல், மெக்ஸிகோவில் 1940-இல் பனிக்கோடரியால் தாக்கப்பட்டு மாண்ட ரஷ்யப் புரட்சிக்காரர் ட்ராட்ஸ்கியையும், மேடைப் பேச்சுக்காகப் பலமுறை கைதான அமெரிக்க ஹாஸ்யக் கலைஞர் லென்னி புரூஸையும், மகா ஓவியர்களின் பாணியில் போலிச் சித்திரங்கள் தீட்டி விற்று, 1976-இல் மறைந்த எல்மிர் டி ஹோரியையும், ஷேக்ஸ்பியரையும், செர்வான்டிஸின் கற்பனையில் பிறந்த சாஞ்சோ பான்சாவையும் ஒருங்கே நினைவுகூர்ந்து, இத்தகையோர் அற்றுப்போன நவீன சமுதாயத்தைப் பரிகசிக்கின்றது. புரட்சிக்காரரின் பக்கத்திலேயே போலி ஓவியருக்கும் ஆசனம் அளித்த துணிவுதான் இப்பாடலின் ஜீவன். யாரை மகாபுருஷர் என்று கொண்டாடுகிறோம் என்பதையே அது விசாரணைக்கு உட்படுத்துகிறது.

ஹ்யூ கார்ன்வெல்லின் ஏளனம் தோய்ந்த குரலுக்குக் கீழே ஜான் ஜாக் பர்னெலின் பேஸ் கிதார் உறுமுவதையும், அக்காலத்துப் பங்க் குழுக்களிடம் அபூர்வமாயிருந்த ஆர்கனை டேவ் கிரீன்ஃபீல்ட் சுழன்று சுழன்று வாசிப்பதையும், அருகிலுள்ள ஹெட்போனில் நிதானமாகக் கேட்டருளுக. தனித்தட்டாகவும் வெளிவந்த இப்பாடல், பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8-ஆம் இடத்தை எய்தியது.