பொதுச் சார்பியல் கணிப்பில் திறமூல மென்பொருள்கள்

முன்னுரை

ஐன்ஸ்டைன் 1915ஆம் ஆண்டு நிறுவிய புலச் சமன்பாடுகள், ஒன்றோடொன்று பிணைந்த நேரியலற்ற பத்துப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளாகும். நான்கு பரிமாணக் காலவெளியின் மெட்ரிக் டென்சரிலிருந்து 40 கிறிஸ்டோஃபெல் குறியீடுகளையும், ரீமான் வளைவு டென்சரின் 20 சார்பற்ற கூறுகளையும் கணித்தல் வேண்டும். கையால் கணிக்குங்கால் ஓரிடத்தில் குறி பிறழினும் முடிவு பிழைபடும். கணினி இச்சுமையைக் குறைக்கின்றது. எனினும், அது தரும் விடையைச் சரிபார்ப்பது எங்ஙனம் என்னும் வினா எஞ்சுகின்றது. மூலநிரலைப் படிக்க இடந்தரும் திறமூல மென்பொருள்கள் இவ்வினாவை எதிர்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

குறியீட்டுக் கணிப்பு

மேக்சிமாவின் சிடென்சர் தொகுப்பு, சேஜ்மேத்தின் சேஜ்மேனிஃபோல்ட்ஸ், பைத்தான் மொழியில் அமைந்த ஐன்ஸ்டைன்பை ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. 1916இல் வெளியான சுவார்ட்ஸ்சைல்டு தீர்வை இவற்றுள் உள்ளிட்டால், 40 குறியீடுகளுள் 9 மட்டுமே சுழியற்றவை என்பதும், ரிச்சி டென்சரின் கூறுகள் அனைத்தும் சுழியாவதும் உடனே பெறப்படும்.

ஈர்ப்பு மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் ஒன்று எனக் கொண்டால், ஆரம் நிறையின் இரு மடங்காகும் இடத்தில் மெட்ரிக்கின் ஆரக்கூறு முடிவிலியாகின்றது. ஆயின், ரீமான் டென்சரிலிருந்து பெறப்படும் கிரெட்ச்மன் ஸ்கேலார், நிறையின் இருமடியை 48ஆல் பெருக்கி ஆரத்தின் ஆறாம் அடுக்கால் வகுத்த அளவாகும். இஃது அவ்விடத்தில் முடிவுள்ள மதிப்பையே பெறுகின்றது. ஆரம் சுழியை அணுகும்போதே எல்லையின்றிப் பெருகுகின்றது. எனவே முன்னது ஆயத்தொகுதியால் விளைந்த குறை. பின்னது உண்மையான ஒருமைப்புள்ளி. குரூஸ்கல் ஆயங்களுக்கு மாற்றி வரைந்தால் இவ்வேறுபாட்டைப் படமாகவும் காணலாம்.

மரபு வேறுபாடுகள்

மேக்சிமா இரண்டாம் வகைக் கிறிஸ்டோஃபெல் குறியீட்டின் மேற்சுட்டை மூன்றாமிடத்தில் வைக்கின்றது. சேஜ்மேனிஃபோல்ட்ஸ் முதலிடத்தில் வைக்கின்றது. இதனை அறியாது இரு விடைகளை ஒப்பிடுவோர், இல்லாத பிழையைக் காண்பர். அன்றி, உள்ள பிழையைத் தவறவிடுவர். வரையறை நிரலிலேயே வெளிப்படையாக இருப்பதால் ஐயத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம்.

எண்வழிக் கணிப்பும் காட்சிப்படுத்தலும்

இரு கருந்துளைகள் இணைதல் போன்ற நிகழ்வுகளுக்கு மூடிய வடிவத் தீர்வு இல்லை. கேக்டஸ் கட்டமைப்பின்மேல் அமைந்த ஐன்ஸ்டைன் டூல்கிட் இவற்றை எண்வழியே கணிக்கின்றது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ பதிவுசெய்த ஈர்ப்பலை நிகழ்வையொத்த இணைவுக்கான உள்ளீட்டுக் கோப்பு, அதன் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும். விளைந்த தரவை விசிட், பாராவியூ போன்ற திறமூலக் கருவிகளால் படமாக்கலாம். எனினும் தெளிவான படம் சரியான கணிப்புக்குச் சான்றாகாது. கட்ட இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்து மீண்டும் கணித்து, விடைகள் எதிர்பார்க்கும் வீதத்தில் ஒருங்குகின்றனவா எனச் சோதித்தல் இன்றியமையாதது.

முடிவுரை

திறமூல மென்பொருளின் முதன்மைப் பயன் அதன் விலையின்மையன்று. பிறர் அதே கணிப்பை மீளச்செய்து சரிபார்க்க இயல்வதேயாகும். ஆகவே ஆய்வாளர் தம் கட்டுரையில் மென்பொருளின் பெயரோடு பதிப்பெண், குறிமரபு, உள்ளீட்டுக் கோப்பு ஆகியவற்றையும் தருதல் வேண்டும். ஒரே கணிப்பை இரு மென்பொருள்களில் செய்து ஒப்பிடும் பயிற்சியை முதுநிலை வகுப்புகளிலேயே தொடங்குதல் நலம்.