வெயிலுக்கும் ஒரு கணக்கு
அகமதாபாத் தன் மரணப் பதிவேட்டைப் புரட்டியதில் பிறந்த திட்டம் நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆனால், பணம் பின்தொடரவில்லை.

வெயில் கொல்லும்போது பெரும்பாலும் தன் பெயரைச் சொல்வதில்லை. கைவண்டி இழுப்பவர் சாலையில் சுருண்டு விழுந்தால் 'மாரடைப்பு' என்கிறது சான்றிதழ். தகரக் கூரைக்கு அடியில் உறங்கப் போன மூதாட்டி எழுந்திருக்கவில்லையென்றால் 'முதுமை.' இப்படி வேறு பெயர்களில் பதிவாகிப் புதைந்த மரணங்களைத் தேடிய முதல் இந்திய நகரங்களில் ஒன்று அகமதாபாத்.

அதற்குக் காரணம் 2010 மே மாதம். வெப்பமானி 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமாக நாளொன்றுக்கு 100 பேர் அளவில் இறக்கும் நகரத்தில், மே 21 அன்று மட்டும் 300-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர்களும் மாநகராட்சியின் பதிவேடுகளை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டார்கள். 'யார் வெயிலால் இறந்தார்?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள்?' என்பதே கேள்வி. அந்த மே மாதத்தில் 4,462 மரணங்கள். 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் மே மாதச் சராசரியோ 3,118. ஆக, 1,344 பேர் கூடுதல். நிலநடுக்கத்தில் இத்தனை பேர் இறந்திருந்தால் நாடே திரண்டிருக்கும். வெயிலோ சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது.

எண்ணிக்கை கிடைத்ததும் திட்டம் சாத்தியமாயிற்று. 2013-இல் அகமதாபாத் மாநகராட்சி அறிவித்த வெப்பச் செயல்திட்டம் தெற்காசியாவிலேயே முதலாவது. எந்த வெப்பநிலையில் எச்சரிப்பது என்பதை வகுக்க உள்ளூர் மரணக் கணக்கே அடிப்படையானது. 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43-ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45-ஐத் தொட்டால் சிவப்பு. சில நாட்கள் முன்னதாகவே கணிப்பு கிடைப்பதால் மருத்துவமனைகள் பனிக்கட்டியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் சேர்த்துவைக்கின்றன. தண்ணீர்ப் பந்தல்கள் முளைக்கின்றன. பூங்காக்கள் கூடுதல் நேரம் திறந்திருக்கின்றன.

சில தீர்வுகளுக்குப் பெரிய செலவுகூட இல்லை. மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டு மேல்மாடியில், நாளெல்லாம் வெயில் குடித்த கூரைக்கு நேர்கீழே இருந்தது. அதைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். கடும் வெப்ப நாட்களில் தீவிர சிகிச்சைக்கு வரும் பச்சிளம் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 2017-இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு பூசும் வேலை தொடங்கியது. வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரையின் கீழ் வீடு அந்த அளவுக்குக் கொதிப்பதில்லை.

பலன்? திட்டத்துக்குப் பிந்தைய 2014, 2015 ஆண்டுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டது. மதிப்பீட்டில் ஏற்ற இறக்கத்துக்கு நிறையவே இடமுண்டு என்பதையும் அதே ஆய்வு ஒப்புக்கொள்கிறது. ஆனாலும், மற்ற நகரங்கள் பின்பற்ற அது போதுமானதாக இருந்தது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 48 டிகிரியை எட்டியது.

இனி வரப்போவது இதைவிடக் கடுமை. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்துவிட்டது. கரியமில வாயு வெளியேற்றம் கட்டுக்கடங்காமல் போனால், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கோடைக்கால வெப்ப அலைகள் மூன்று முதல் நான்கு மடங்கு அடிக்கடி வரலாம் என்கிறது அது.

அதற்கு நாடு தயாரா? தில்லியில் உள்ள கொள்கை ஆய்வு மையம் 18 மாநிலங்களின் 37 வெப்பச் செயல்திட்டங்களை அலசி 2023-இல் வெளியிட்ட அறிக்கை தரும் பதில் உற்சாகமானதல்ல. எந்தப் பகுதியில், எந்த மக்கள் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று முறையாக மதிப்பிட்டவை இரண்டே இரண்டு. பணம் எங்கிருந்து வரும் என்று பேசுபவை வெறும் 11. பெரும்பாலானவற்றுக்குச் சட்டப் பின்புலம் இல்லை. அகமதாபாத் திட்டத்தின் உயிர்நாடியே உள்ளூர்க் கணக்குதான். பல இடங்களுக்குப் போனது அதன் உருவம் மட்டுமே.

பணச் சிக்கலுக்கு வேர் தில்லியில் இருக்கிறது. மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி எல்லாம் உண்டு. வெப்ப அலைக்கு இடம் கேட்டபோது, பட்டியலை விரிவாக்கத் தேவையில்லை என்று கைவிரித்தது 15-ஆவது நிதி ஆணையம். ஆகவே, மாநிலங்கள் தங்கள் நிவாரண நிதியில் 10 சதவிகிதத்துக்குள் சமாளிக்கும் வழியைப் பார்த்தன. தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது இந்த வழியில்தான்.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வீட்டுக்குள் இருங்கள் என்று சொல்வது எளிது. நாள்கூலிக்குச் செங்கல் சுமப்பவரும், தலைச்சுமையாகக் காய்கறி விற்பவரும் வீட்டுக்குள் இருந்தால் அன்று அடுப்பு எரியாது. அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'சேவா' பெண்கள் அமைப்பு இந்த இடத்தைத்தான் தொட்டது. 2023-இல் 21,000 உறுப்பினர்களுக்கு வெப்பக் காப்பீட்டைச் சோதனை முறையில் தொடங்கியது. வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டினாலே பணம். மருத்துவச் சீட்டோ இழப்புச் சான்றோ தேவையில்லை. முதல் ஆண்டில் பணம் வழங்கும் அளவை வெயில் எட்டவில்லை. 2024 மே மாதம் மூன்று மாநிலங்களில் சுமார் 50,000 பெண்களுக்குத் தலா 400 ரூபாய் போய்ச் சேர்ந்தது.

400 ரூபாய் பெரிய தொகையல்ல. ஓரிரு நாள் கூலிக்குக்கூடத் தேறாது. ஆனால், வெயிலால் இழந்த வேலைநாளுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. இறந்தவர்களை எண்ணத் தெரிந்துகொண்ட பிறகே அகமதாபாத்தால் உயிர்களைக் காக்க முடிந்தது. உயிரோடிருந்து உழைப்பவர்களின் இழப்பை எண்ணும் வேலை இன்னும் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு முடியும்வரை கோடை காத்திருக்கப் போவதில்லை.