"டக், டக்" சத்தம் கேட்டால் உஷார்! கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நடப்பது என்ன?

கல்யாணப் படங்கள், குழந்தையின் முதல் பிறந்த நாள் படம், வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் பாடங்கள்... இன்று பல வீடுகளில் இவை எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன.

இவற்றைக் காத்து வைப்பது ஒரு சிறு பெட்டி. அதன் பெயர் "ஹார்ட் டிஸ்க்".

ஒரு நாள் படத்தைத் திறந்தால், "படிக்க முடியவில்லை" என்று திரையில் வருகிறது. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டால் சரியாகி விடுகிறது. இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே தகராறு!

இதை அலட்சியம் செய்யக் கூடாது. ஏன்?

சுழலும் தட்டு

பெட்டிக்குள் பளபளப்பான தட்டுகள் இருக்கின்றன. அவை நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். தட்டின் மேல் காந்தப் பூச்சு உண்டு. அதில்தான் எல்லாம் பதிவாகிறது.

பதிவைப் படிக்க மெல்லிய கை ஒன்று இருக்கிறது. அதன் நுனி தட்டைத் தொடாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி, தலைமுடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான்! நுனி தட்டில் உரசினால் பூச்சு போய்விடும். பதிவும் போய்விடும்.

1956-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி, ஹார்ட் டிஸ்க் கொண்ட முதல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 2 அடி அகலம். அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் காத்து வைத்தன. இன்று செல்போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கே அந்த இடம் சரியாகிவிடும்!

முதல் வேலை எது?

தகராறு வந்ததும் பலர் பழுது பார்க்கத் தொடங்குகிறார்கள். அது தவறு. முதல் வேலை, பிரதி எடுப்பதுதான்.

பழுது பார்க்கும் புரோகிராம் டிஸ்க் முழுவதையும் துருவிப் பார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த வேலையைத் தாங்காமல், அப்போதே நின்றுவிடலாம். ஆகவே முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும்.

"சி"யில் இருப்பதை "டி"க்கு மாற்றினால் போதுமா? போதாது! பல வீடுகளில் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள்தாம். ஒரே பீரோவின் இரண்டு அறைகளைப் போல. பீரோவே போனால் இரண்டு அறையும் போகும்.

"டக், டக்" என்று சத்தம் வந்தால் கம்ப்யூட்டரை உடனே நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் சேதம் அதிகமாகும். பெட்டியைத் திறப்பதும் ஆபத்து. ஒரு தூசி போதும், தட்டைக் கெடுக்க! பதிவுகளை மீட்கும் நிபுணரிடம் கொடுப்பதே நல்லது.

குற்றவாளி யார்?

பிரதி எடுத்த பிறகு காரணத்தைத் தேடலாம்.

சில சமயம் குற்றம் டிஸ்க்கில் இராது. அதில் மாட்டிய ஒயர் தளர்ந்திருக்கும். கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரை அழுத்தி மாட்ட வேண்டும். அல்லது புது ஒயர் போட வேண்டும்.

டிஸ்க் தன் உடல் நிலையைத் தானே குறித்து வைக்கும். இதற்கு "ஸ்மார்ட்" என்று பெயர். அதைக் காட்டும் இலவச புரோகிராம்கள் உண்டு.

தட்டின் பரப்பு சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கெட்ட கட்டத்தை டிஸ்க் ஒதுக்கிவிட்டு, உபரிக் கட்டத்தைப் பயன்படுத்தும். கெட்ட கட்டங்களின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறினால், டிஸ்க்கை மாற்றியே ஆகவேண்டும். ஒயர் வழியாக வந்த பிழைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறினால், ஒயர்தான் முதல் குற்றவாளி.

"ஸ்மார்ட்" நல்ல பதில் சொன்னாலும் முழுக்க நம்பக் கூடாது. கூகுள் கம்பெனி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து, 2007-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. கெட்டுப்போன டிஸ்க்குகளில் பல, "ஸ்மார்ட்" கணக்கில் முக்கியமான எச்சரிக்கை எதுவும் காட்டாமலே கெட்டிருந்தன!

விண்டோஸில் உள்ள "செக் டிஸ்க்" புரோகிராமைக் கடைசியாகத்தான் ஓட்ட வேண்டும். திடீரென்று மின்சாரம் போனதால் குழம்பிய கணக்கை அது சரிசெய்யும். தேய்ந்த தட்டை அதனால் புதிதாக்க முடியாது.

புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் சுழலும் தட்டே கிடையாது. அவற்றில் இருப்பது "எஸ்.எஸ்.டி." அது சத்தம் போடாது. சத்தம் இல்லாமலே நின்றுவிடவும் கூடும்.

எந்த டிஸ்க்காக இருந்தாலும், மாதம் ஒரு முறை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைத் தனியே கழற்றி பீரோவில் வைப்பது நல்லது. கெட்ட டிஸ்க்குக்குப் பதில் வேறு வாங்கலாம். பாட்டியின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?