'வலிக்காதுடா செல்லம்'னு மட்டும் சொல்லாதீங்க!

உங்க வீட்ல ஆறு வயசுல ஒரு வாண்டு இருக்கா? அக்கா பையனோ, பக்கத்து வீட்டுக் குட்டியோ... யாரா இருந்தாலும் சரி. இல்லேன்னாலும் படிச்சு வைங்க பாஸ், என்னிக்காவது உதவும்!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஒரு லீவு நாள்ல அக்கா பையனை சைக்கிள் பார்ல உட்காரவெச்சு ரவுண்டு அடிச்சேன். 'மாமா, இன்னும் வேகமா!'னு அவன் கத்த, எனக்கு ஹீரோ நினைப்பு. தெருமுனை மணல்ல சறுக்கி, ரெண்டு பேரும் தரையில. எனக்கு முழங்கால் சிராய்ப்பு. அவனுக்கு இடது முழங்கைக்குக் கொஞ்சம் மேல எலும்பு முறிவு. கையை ஊன்றி விழுற சின்னப் பசங்களுக்கு முழங்கைப் பக்கம் அதிகமா உடையற இடமே அதுதானாம். அஞ்சுல இருந்து ஏழு வயசுல ரொம்ப சகஜம்.

நாலு வாரம் கழிச்சு மாவுக்கட்டைப் பிரிச்சப்ப கை குச்சி மாதிரி மெலிஞ்சிருந்தது, சரியா மடங்கவும் இல்லை. 'எண்ணெய் போட்டு நீவி இழுத்துவிட்டா சரியாயிடும்'னு தெருவுல ஒரு பெரியவர் வந்தார். நான்தான் பையனை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'வலிக்காதுடா செல்லம்... ஒரே நிமிஷம்'னு சொன்னேன். அவர் இழுத்தார். அந்த அலறல் இன்னும் என் காதுல இருக்கு. அதுக்கப்புறம் ஒரு வாரம் அவன் என் பக்கமே வரலை. கையை சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டான். சாக்லேட் கொடுத்தாலும் வலது கைதான் வெளியே வரும்.

அப்புறம்தான் பிசியோதெரபிஸ்ட் அக்காகிட்ட போனோம். முதல் டோஸ் எங்களுக்குத்தான்! அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவி, பலவந்தமா இழுத்தா, சில சமயம் தசைக்குள்ளேயே எலும்பு மாதிரி வளர்ந்துடுமாம். அப்படி ஆனா இருக்கிற அசைவும் போயிடும். "துருப்பிடிச்ச கீலுக்கு எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி சரி பண்றோமே, அதே லாஜிக் இல்லையா மேடம்?"னு நம்ம இன்ஜினீயரிங் மூளையைக் காட்டினேன். "கீலுக்கு உயிர் இல்லை தம்பி"ன்னாங்க. கப்சிப்!

அடுத்து அவங்க கேட்டது என்னை இல்லை, அவனை. "ஏன் கண்ணா இங்கே வந்திருக்கே?" அவன் சொன்னான்: "மாமாகூட வேகமா போனேன்ல... அதுக்குத்தான்."

எனக்கு என்னவோ பண்ணுச்சு. தப்பு செஞ்சதால உடம்புக்கு இப்படி ஆகுதுன்னு சின்னப் பசங்க நம்புறது புதுசில்லையாம். விதியை மீறினா தண்டனை தானா வந்து சேரும்னு குழந்தைகள் நினைக்கிறதை ழான் பியாஜே 1932-லேயே எழுதிட்டார். சைக்கிள் ஓட்டினது நான், குற்றவாளியா உட்கார்ந்திருந்தது அவன்!

அந்த அக்கா 'எலும்பு, மூட்டு, தசைநார்'னு கிளாஸ் எடுக்கலை. "நீ ஒண்ணும் தப்பு பண்ணலை. உன் கை நாலு வாரம் போர்வைக்குள்ள தூங்குச்சு. தூங்கி எழுந்து சோம்பல் முறிச்சா கொஞ்சம் இழுக்கும்ல? அப்படி இழுக்கும். வலிச்சா 'ஸ்டாப்' சொல்லு, நிறுத்திடறேன்"ன்னாங்க. நம்ம ஆள் விவரம்... தொடறதுக்கு முன்னாடியே "ஸ்டாப்!" அவங்க நிறுத்திட்டாங்க. மறுபடியும் "ஸ்டாப்!" மறுபடியும் நிறுத்தினாங்க. மூணு தடவை டெஸ்ட் பண்ணிட்டு, நாலாவது தடவை கையைத் தானே நீட்டினான். நான் ஒரு வாரமா கெஞ்சியும் நடக்காதது அது.

வலியைச் சொல்றதுக்கு ஒரு அட்டை காட்டினாங்க. அதுல சிரிக்கிற முகத்துல இருந்து அழற முகம் வரைக்கும் ஆறு முகங்கள், 0-ல இருந்து 10 வரைக்கும் மார்க். 1980-களில் அமெரிக்காவுல டோனா வாங், கோனி பேக்கர்னு ரெண்டு பேர் குழந்தைகளுக்காகவே உருவாக்கினது. நம்ம ஆள் நாலாம் நம்பர் முகத்துல விரல் வெச்சான். அழுகையில்லாம, சண்டையில்லாம ஒரு டேட்டா!

அப்புறம் வந்தது நம்ம ஏரியா: கோனியாமீட்டர். ரெண்டு கை வெச்ச பாகைமானி, அவ்வளவுதான். அவன் கை 85 டிகிரிக்கு மேல மடங்கலை. சாப்பிடறது, தலை வாருறதுன்னு பெரும்பாலான அன்றாட வேலைக்கு முழங்கை 30-ல இருந்து 130 டிகிரி வரைக்கும் அசைஞ்சா போதுமாம். ஆனா அவன்கிட்ட 130-ன்னு யாரும் சொல்லலை. "இடது கையாலேயே முறுக்கை வாய்க்குக் கொண்டுபோகணும்"ங்கிறதுதான் டார்கெட்!

பயிற்சின்னு பெருசா ஒண்ணும் இல்லை. சோப்பு நுரை ஊதி உயரத்துல உடைக்கிறது, களிமண் பிசையறது, பக்கெட் தண்ணியை டம்ளரால மொண்டு ஊத்துறது. இந்த மாதிரி முறிவு ஒழுங்கா கூடிட்டா, நிறைய குழந்தைகளுக்கு தனி சிகிச்சையே வேண்டாம், விளையாட விளையாடவே கை திரும்பிடுமாம். இவனுக்குத் தடையா நின்னது பயம். அந்தப் பயத்தை உண்டாக்கின புண்ணியம் நமக்கு!

ஒரு விஷயம். 'தூங்கின கை' கதை எல்லாக் குழந்தைக்கும் செட் ஆகாது. செரிப்ரல் பால்ஸி இருக்கிற குழந்தைக்கு தெரபி நாலு வாரத்துல முடியாது, வருஷக்கணக்கா போகும். 'எக்சர்சைஸ் செஞ்சா எல்லோர் மாதிரியும் ஓடுவே'ன்னு சொல்றது இன்னொரு 'வலிக்காதுடா'. 'தானே உட்கார, தானே சாப்பிட இது உதவும்'னு உண்மையா முடியறதைச் சொல்லணும். தென்காசி பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வீடு தேடியே தெரபி கொண்டுபோகுது. 1981-ல அதை ஆரம்பிச்ச எஸ்.ராமகிருஷ்ணன் யார் தெரியுமா? நம்மள மாதிரி இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட். 1975-ல கடற்படை அதிகாரி தேர்வுல விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல பத்மஸ்ரீ.

நம்ம வாண்டு? ஆறாவது வாரம் முறுக்கு வாய்க்குப் போயிடுச்சு. இப்போ கரடி பொம்மைக்கு அவன்தான் டாக்டர். "வலிச்சா ஸ்டாப் சொல்லு"ன்னு அதுகிட்டயும் சொல்றான். போன மாசம் ஸ்கூல்ல தடுப்பூசி. காலையில ஷூ மாட்டிக்கிட்டே கேட்டான்: "மாமா, பொய் சொல்லாம சொல்லு. வலிக்குமா?"

"வலிக்கும்டா. பத்து எண்ணுற வரைக்கும்."

சாயங்காலம் வந்ததும் பையைக்கூட கழட்டலை. "மாமா, ஏழுலயே போயிடுச்சு!"