நெட் விக்கிறவங்க நேர்ல சந்திச்சாங்க!

'மேம், வாய்ஸ் கட் ஆகுது'ன்னு பாதிப் பேர், மொட்டை மாடியில சிக்னல் தேடி மீதிப் பேர்... ஆன்லைன் கிளாஸ் ஞாபகம் இருக்கா பாஸ்? கொரோனா புண்ணியத்துல 'ஆல் பாஸ்' ஆன கோஷ்டிதானே நாம!

அப்போ அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். வீட்டுல நெட் இல்லாத கிராமத்துப் பசங்க, லைப்ரரி வாசல்ல காரை நிறுத்தி, உள்ளேயிருந்து வர்ற வைஃபையில ஹோம்வொர்க் முடிச்சாங்க. நம்புங்க, அமெரிக்காவேதான்!

நாலு மைலுக்கு ஒரு வீடுன்னு இருக்கிற ஊருக்குக் கேபிள் இழுத்தா, பெரிய கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாது. அந்த இடைவெளியில் புகுந்தவங்கதான் 'விஸ்ப்' எனப்படும் குட்டி வயர்லெஸ் கம்பெனிகள். தானியக் குதிர், தண்ணீர் டேங்க் என உயரமா எது கிடைச்சாலும் ஆன்டெனாவைக் கட்டி, அங்கிருந்து வீட்டுக் கூரைக்கு நெட் அனுப்புவாங்க. வயோமிங் மாநிலத்தின் லாரமியில் 1992-லேயே இப்படி ஒண்ணு ஆரம்பமாச்சு. இவங்களோட சங்கமான 'விஸ்பா' பிறந்தது 2004-ல்.

இனிமேதான் மேட்டரே! இவங்கள்ல பலர் பயன்படுத்துறது லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசைகளை. 1985-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் திறந்துவிட்ட பாதை அது. நம்ம ஹாஸ்டல் வைஃபை ஓடுறதும் அதே ஜாதி அலைவரிசையிலதான். காசு கட்டவேண்டாம், ஜாலி! ஆனா, உங்க ஆன்டெனாவும் பக்கத்து ஊர்க்காரர் ஆன்டெனாவும் ஒரே சேனல்ல மோதிக்கிட்டா, ரெண்டு பேர் கஸ்டமருக்கும் நெட் படுத்துடும். லைசென்ஸ் இருந்தாத்தானே 'இது என் இடம்'னு புகார் கொடுக்க முடியும்? 'நீங்க அந்தச் சேனல் எடுத்துக்கங்க, நான் இதுல இருந்துக்கறேன்'னு பேசித் தீர்த்துக்க வேண்டியதுதான். அதுவும் யார்கிட்ட? தொழில் போட்டியாளர்கிட்ட! முகம் தெரிஞ்சவரா இருந்தா அந்த போன் கால் எவ்வளவு சுலபம்!

அந்த முகப் பழக்கம் கிடைக்கிற இடம்தான் 'விஸ்பாபலூசா'. இவங்களோட வருடாந்திரத் திருவிழா. 2020-ல் கொரோனா அதைத் திரைக்குள்ள தள்ளிடுச்சு. 'நெட் விக்கிறவங்களுக்கு ஆன்லைன் மீட்டிங் அல்வா மாதிரியாச்சே?'ன்னு கேட்பீங்க. ஆனா, ஆன்டெனா கிளாம்ப்பைக் கையில பிடிச்சு கனம் பார்க்கறதும், காபியோட நின்னு 'உங்க ஊர்ல எப்படிச் சமாளிச்சீங்க?'ன்னு கேட்கறதும் திரையில நடக்குமா?

கேட்கறதுக்கு நிறைய இருந்துச்சு. 2020 மார்ச்சில் ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு எல்லாரும் நெட்டுக்குத் தவிச்சப்போ, 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு பகுதியைத் தற்காலிகமா பயன்படுத்த 33 கம்பெனிகளுக்கு அனுமதி கிடைச்சுது. 29 மாநிலங்களில் 330 கவுண்டிகளுக்கு நெட் கொடுக்கிற கம்பெனிகள் அவை. ஊருக்கு லாக்டவுன், டவர் ஏறுறவங்களுக்கு டபுள் டூட்டி!

2021 அக்டோபரில், லாஸ் வேகாஸில், மறுபடி நேருக்கு நேர். அங்கே மூடிய அரங்குக்குள்ள மாஸ்க் கட்டாயமா இருந்த காலம். இந்தியா உட்பட பல நாட்டுப் பயணிகளுக்கு அமெரிக்கா கதவு திறந்ததே நவம்பர் 8-லதான். பாதி முகம்தான் தெரிஞ்சிருக்கும்... ஆனாலும் முகம்!

அடுத்த மாசமே அந்தப் பழக்கத்துக்கு வேலை வந்துச்சு. 2021 நவம்பரில் பிராட்பேண்டுக்கு 65 பில்லியன் டாலர் ஒதுக்கும் சட்டம் வந்தது. கொண்டாட்டம்தானேன்னா, 2022 மே மாச விதிமுறையில ஒரு குண்டு: லைசென்ஸ் இல்லாத அலைவரிசையில் மட்டும் வர்ற நெட், 'நம்பகமான பிராட்பேண்ட்' கணக்கில் சேராது! அதாவது, இவங்க கூரையேறிக் கூரையேறி கனெக்‌ஷன் கொடுத்த வீடு, அரசாங்கக் கணக்குல 'நெட் இல்லாத வீடு'. அரசு மானியத்தோட வேற கம்பெனி அங்கே ஃபைபர் இழுக்கலாம். சங்கம் விடாம எதிர்த்துச்சு. 2025 ஜூனில் விதி தளர்ந்தது. ஆளுக்கு ஒரு மூலையில் தனித்தனியா கத்தியிருந்தா யார் காதுல விழுந்திருக்கும்?

இசிஇ மக்களே, 'இன்டர்ஃபெரன்ஸ்'னு நாம பக்கம் பக்கமா ஃபார்முலா எழுதறோம். அதுக்கான தீர்வுகள்ல பக்கத்து ஊர்க்காரரோட ஒரு காபியும் உண்டுன்னு எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லலை. ஹாஸ்டல்ல அடுத்த ரூம் ரவுட்டரால உங்க வைஃபை திணறுதா? கதவைத் தட்டுங்க பாஸ்!